பழைய பேப்பர் கடையிலும் குப்பையிலும் மதிப்புள்ள பழம்பொருள்கள் உண்மையிலேயே கிடைக்குமா? எப்படித் தேடுவது?

கிடைக்கும். ஆனால் எல்லோரும் தேடும் பொருள் அங்கே கிடைக்காது.

நான் காரைக்குடிப் பக்கத்துக்காரன். செட்டிநாட்டில் ஒரு பெரிய வீடு பாகம் பிரிந்து இடிபடும்போது தேக்குத் தூண்கள், நிலைக்கதவுகள், எனாமல் வாளிகள், ரவிவர்மா அச்சுப்படங்கள் எல்லாவற்றையும் விலை தெரிந்த வியாபாரிகள் முதல் வாரத்திலேயே அள்ளிக்கொண்டு முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் அடுக்கிவிடுவார்கள். கடைசியில் மிஞ்சுவது காகிதம். அதுதான் சாக்கில் கட்டி எடைக்கு வரும். என் தேடல் முழுவதும் அந்தச் சாக்குகளில்தான்.

கல்லூரி நாளில் அப்படி ஒரு சாக்கைக் கிலோ கணக்கில் வாங்கினேன். சிவப்புத் துணி அட்டை போட்ட கணக்கு நோட்டுகள், நடுவே சணலால் கட்டிய கடித உறைகள் பதினொன்று. எல்லாம் ரங்கூனிலிருந்து வந்தவை. தபால்தலையில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர். இந்தியத் தபால்தலைதான், ஆனால் அதன்மேல் கறுப்பு மையில் ஆங்கிலத்தில் ‘பர்மா’ என்று அச்சாகியிருந்தது. 1937 ஏப்ரலில் பர்மா தனியாகப் பிரிக்கப்பட்டபோது, சொந்தத் தபால்தலை வரும்வரை இந்தியத் தபால்தலைகளிலேயே பெயரை அச்சிட்டுப் பயன்படுத்தினார்கள். 1938இல் அவர்களுக்கெனப் புதியவை வந்துவிட்டன. குறுகிய காலத்துச் சரக்கு என்று தெரிந்ததும் எனக்குக் கை நடுங்கியது.

அந்த அவசரத்தில் நான்கு உறைகளைத் தண்ணீரில் ஊறப்போட்டுத் தபால்தலைகளை உரித்தெடுத்தேன். உறைகள் கூழாகிவிட்டன. மீதியைப் பார்த்த மூத்த சேகரிப்பாளர் ஒருவர் தலையில் கை வைத்துக்கொண்டார். எந்த ஊர் அஞ்சலகத்தில் எந்தத் தேதியில் முத்திரை விழுந்தது, எந்த வழியாக வந்தது, யாருக்கு வந்தது என்பதெல்லாம் உறையில்தான் இருக்கிறது. உரித்த தலை வெறும் தலை. ஊறாமல் தப்பிய உறை ஒன்றில் கடிதமும் இருந்தது: வட்டிக் கணக்கு இரண்டு பக்கம், அடியில் பிள்ளைக்குக் காது குத்தியாயிற்றா என்று ஒரு வரி. அழிந்த நான்கிலும் அப்படி என்ன இருந்ததோ என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

ஆகவே, தேடுவதைவிட எடுத்ததைக் கெடுக்காமல் இருப்பதுதான் பெரிய வேலை. செப்புக் காசைப் புளி போட்டுத் துலக்காதீர்கள். பல்லாண்டு படிந்த நிறம் போனால் மதிப்பும் போகும். கிழிந்த காகிதத்தில் ஒட்டுநாடா ஒட்டாதீர்கள், லேமினேஷன் செய்யவே செய்யாதீர்கள். பித்தளைத் தூக்கில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தால் அதைத் தேய்த்து அழிக்காமல் விடுங்கள். எந்த ஊர், எந்த வீட்டுச் சாமான் என்று கடைக்காரரிடம் அன்றைக்கே கேட்டு எழுதி வையுங்கள். மறு வாரம் கேட்டால் அவருக்கும் நினைவிருக்காது.

காசு பற்றிப் பலர் கேட்கிறார்கள். 1835ஆம் ஆண்டுக் கிழக்கிந்தியக் கம்பெனி கால் அணா ஏராளமாகப் புழங்கியது, லட்சங்கள் தேறாது. ராமர், அனுமன் உருவத்தோடு 1818 என்று போட்ட ‘கம்பெனி அரை அணா’வை யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். கம்பெனி அப்படி ஒரு காசை அடித்ததே இல்லை.

சட்டமும் உண்டு. 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறாண்டு கடந்த கலைப்பொருளும், எழுபத்தைந்தாண்டு கடந்த அரிய கையெழுத்துப் படியும் தொல்பொருள். அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. மண்ணுக்கடியில் புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். ஓலைச்சுவடி கிடைத்தால் நீங்களே பிரித்துப் பார்க்காமல் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்துக்கோ தஞ்சை சரசுவதி மகாலுக்கோ கொண்டு போங்கள். ஓலை உலர்ந்திருந்தால் தொட்ட இடம் ஒடிந்துவிடும்.

எங்கள் பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். பெயர்ப்பலகை எழுதும் ஓவியர். புத்தகங்களோடு நாடக நோட்டீஸ், அழைப்பிதழ் என்று பிறர் தூக்கி எறிவதையும் வாழ்நாள் முழுக்கச் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்த பிறகு அந்தச் சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகமாக இன்று நிற்கிறது. அதனால்தான் கல்யாணப் பத்திரிகை, மளிகைக் கடை ரசீது, தீப்பெட்டிப் படம் எதையும் நான் தள்ளுவதில்லை.

நீங்கள் தொடங்குவதென்றால் உங்கள் தெருப் பழைய பேப்பர் கடைக்காரரோடு பழகுங்கள். எடை விலைக்கு மேலே பத்து ரூபாய் சேர்த்துக் கொடுங்கள். எங்கள் கடைக்கார அண்ணன் இப்போதெல்லாம் கையெழுத்தில் எழுதிய எதையும் தராசில் போடுவதில்லை. கல்லாவுக்குப் பின்னால் ஒரு மஞ்சள் பையில் எனக்காக எடுத்து வைக்கிறார்.