கேள்வி பதில்: கந்தளாய்ச் செய்தி தம்பலகாமத்துக்கு

வாசகர், மூதூர்: நேபாளத்தில் கிராமத்து வானொலிகள் தங்களுக்குள் செய்தியும் நிகழ்ச்சியும் பரிமாறிக்கொள்வதாகக் கேள்விப்பட்டேன். அது எப்படி நடக்கிறது? நம் திருகோணமலை மாவட்டத்தில் அப்படி ஒன்று வந்தால் யாருக்கு என்ன பயன்?

பதில்: ஊர் வானொலி எட்டும் தூரம் கொஞ்சம்தான். இந்தியாவில் சமுதாய வானொலிக்குப் பொதுவாக அனுமதிக்கும் வலு 100 வாட். குறுக்கே ஒரு மலை வந்தால் பண்பலை அதோடு சரி. அதனால் ஒலி வேறு வழியில் அடுத்த நிலையத்துக்குப் போய், அங்கிருந்து திரும்பவும் ஒலிபரப்பாக வேண்டும். காத்மண்டுவில் 1997 இல் ரேடியோ சாகர்மாதா தொடங்கிய பிறகு நேபாளமெங்கும் நிலையங்கள் பெருகின. அவற்றின் சங்கம் செய்மதி வழியாக ஒரே நிகழ்ச்சியைப் பல நிலையங்களுக்கும் அனுப்ப ஏற்பாடு செய்தது. இன்றைக்கு இணையம் இருந்தால் போதும்.

எனக்கு அதைவிடப் பிடித்தது இந்தோனேசியாக் கதை. மெராப்பி எரிமலையின் வெவ்வேறு சரிவுகளில் இருந்த ஊர் வானொலிகள் 2006 இல் ‘ஜாலின் மெராப்பி’ என்ற பெயரில் கைகோர்த்தன. மலையின் ஒரு பக்கத்தில் இருப்பவருக்கு மறுபக்கத்தில் நடப்பது தெரியாது அல்லவா? 2010 இல் மலை பெரிதாக வெடித்தபோது, எந்த முகாமில் எது தட்டுப்பாடு என்ற தகவல் இந்த வலையமைப்பு வழியாகத்தான் பலருக்கும் போனது. எல்லாவற்றுக்கும் தலைநகரை எதிர்பார்த்துக்கொண்டு இருக்கவில்லை.

சரி, நம் மாவட்டத்துக்கு வருவோம். கந்தளாய்க் குளத்துத் தண்ணீரில்தான் தம்பலகாமத்து வயல்கள் விளைகின்றன. குளத்தடியில் பேச்சு பெரும்பாலும் சிங்களம், கீழே தமிழ். துருசு (மதகு) எப்போது திறக்கும், இந்தச் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கருக்குத் தண்ணீர் என்பது மேலிருந்து கீழே வருவதற்குள் நாலு வாய் மாறி நாலு விதமாகிவிடும். குளத்தடியில் பதிவு செய்த ஐந்து நிமிடப் பேச்சைத் தம்பலகாமத்தில் ஒருவர் தமிழில் சொன்னால் பாதிச் சண்டை இருக்காது. 1986 ஏப்ரல் 20 அதிகாலையில் குளக்கட்டு உடைந்து, கீழே இருந்த ஊர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வானொலி இருந்திருந்தால் அவர்கள் தப்பியிருப்பார்கள் என்று நான் சொல்லமாட்டேன், அந்த நேரத்தில் யார் வானொலி கேட்பார்? ஆனால் மேலே இருப்பவரும் கீழே இருப்பவரும் அன்றாடம் பேசிப் பழகியிருந்தால், ஆபத்து வரும் நாளில் யாரைக் கூப்பிடுவது என்றாவது தெரியும்.

கடலிலும் இதே கதைதான். கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் மேற்குக் கரைக் கடற்றொழிலாளர் புல்மோட்டைப் பக்கம் வந்து வாடி (தற்காலிகக் குடிசை) போடுகிறார்கள். இரண்டு கரைகளின் நிலையங்களும் காற்று நிலவரத்தையும் மீன் விலையையும் பகிர்ந்தால் இரு சாராருக்கும் நல்லது. மீன் வாங்கும் முதலாளிமாருக்கு மட்டும் அவ்வளவாகப் பிடிக்காது.

ஒன்றில் மட்டும் நான் பிடிவாதமாக இருப்பேன். நகரத்தில் தயாரித்து ஊருக்கெல்லாம் அனுப்புவதை இணைப்பு என்று சொல்லாதீர்கள். அது ஏற்கெனவே நிறைய நடக்கிறது. மூதூரில் செய்தது கிண்ணியாவில் ஒலிக்க வேண்டும், கிண்ணியாவில் செய்தது மூதூருக்கும் வர வேண்டும்.

வாசகி, கிண்ணியா: நாங்கள் பத்துப் பெண்கள் சேர்ந்து ஊர் வானொலி தொடங்கலாமா? சட்டம் என்ன சொல்கிறது?

பதில்: அலைவரிசையில் என்றால் அனுமதிப்பத்திரம் வேண்டும், தங்கச்சி. இது இல்லாமல் ஒலிபரப்பியைப் பொருத்திவிடாதீர்கள். இலங்கையில் சமுதாய வானொலிக்குப் பழைய வரலாறு உண்டு. 1981 இல் மகாவலி சமுதாய வானொலி, 1989 இல் கொத்மலை. கொத்மலையில் பின்னாளில் நேயர் கேட்ட கேள்விக்கு இணையத்தில் விடை தேடி, அதை ஊர்ப் பேச்சில் ஒலிபரப்பினார்கள். அதைப் படிக்க உலகத்தின் பல பக்கங்களிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். ஆனால் இவை எல்லாம் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் குடையின் கீழ்தான் இயங்கின. ஊர்ச் சங்கம் தானே நடத்துவதற்கென்று தனி அனுமதி வகை இங்கே இல்லை. இந்தியாவில் தொண்டு நிறுவனங்களுக்கு 2006 முதல் அனுமதி உண்டு. கடற்றொழிலாளருக்காகப் பாம்பனில் ‘கடல் ஓசை’ ஒலிப்பது அப்படித்தான். அங்கேயும் சொந்தமாகச் செய்தி வாசிக்க முடியாது, அகில இந்திய வானொலிச் செய்தியை அப்படியே எடுத்துப் போடலாம், அவ்வளவுதான்.

இங்கே அப்படி ஓர் அனுமதி வரும்வரை நீங்கள் ஒலிப்பதிவு செய்து போனில் பரப்புங்கள். இதற்கு அலைவரிசை வேண்டாம்.

(நம் மாவட்டத்தில் ஜெர்மன் வானொலியின் நிகழ்ச்சிகளை வாங்கி மறுஒலிபரப்பும் அஞ்சல் நிலையம் ஒன்று இருந்தது. 2013 இல் நம் கூட்டுத்தாபனத்திடம் கைமாறியது. இங்கிருந்து கடல் தாண்டிப் பேசினார்கள், கிண்ணியாவிலிருந்து மூதூருக்குப் பேச நாம் இன்னும் வழி தேடுகிறோம்!)

வாசகர், குச்சவெளி: நண்பர்களோடு சேர்ந்து போனில் பதிவு செய்து மற்ற ஊர்க் குழுக்களுக்கு அனுப்புகிறோம். எதில் கவனம் வேண்டும்?

பதில்: ‘நாளை மின்வெட்டு’ என்று பதிவு செய்யாதீர்கள், திகதியைச் சொல்லுங்கள். பக்கத்து ஊர்க்காரர் அதை மூன்று நாள் கழித்துப் போட்டால் ஊரே விளக்கும் கையுமாக உட்கார்ந்திருக்கும். யார் சொன்னது, எந்த ஊர் என்பது தொடக்கத்திலேயே வரட்டும். மரண அறிவித்தலை வீட்டாரிடம் கேட்காமல் அனுப்பவே கூடாது. என் அம்மா வானொலியில் மரண அறிவித்தல் வந்தால் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்று கேட்பார். அதில் ஒரு பெயர் பிழையாக வந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

அப்புறம், மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பேசுங்கள். போன வாரம் நீங்கள் எனக்கு அனுப்பிய பதிவில் அதுதான் அதிகம் பேசியது.