இலுப்பை காய்க்கிறது, கன்று மட்டும் ஏன் இல்லை?

கேள்வி: எங்கள் ஏரிக்கரையில் இலுப்பை மரங்கள் ஒன்பதுதான் மிச்சம். எல்லாம் தாத்தா காலத்து மரங்கள். வருஷா வருஷம் காய்க்கின்றன, அடியில் ஒரு கன்றுகூட இல்லை. ஆடியில் பொறுக்கிக் காயவைத்த கொட்டையை ஐப்பசி மழைக்கு விதைத்தேன், ஒன்றும் முளைக்கவில்லை. ஏதாவது நோயா?

பதில்: நோய் இல்லை. கொட்டையைக் காயவைத்ததும் மூன்று மாதம் வைத்திருந்ததும்தான் காரணம். நெல், உளுந்து போல இதை உலர்த்திச் சேமிக்க முடியாது. உள்ளே ஈரம் இருக்கும் வரைதான் உயிர். பழம் விழுந்த இரண்டு மூன்று வாரத்திலேயே முளைப்பு சரியத் தொடங்கிவிடும். எண்ணெய் ஆட்டுவதற்கு வெயிலில் காய்வது நல்லது, விதைக்கு அதுவே எமன். கைவசம் கொட்டை மீதி இருந்தால் ஒன்றைக் காதருகே ஆட்டிப் பாருங்கள். பருப்பு சுருங்கி உள்ளே உருண்டால் அது செத்த விதை. உயிருள்ள விதையில் பருப்பு ஓடு முழுக்க நிறைந்து, வெட்டினால் வெளிர் நிறமாக, பால்பிடிப்போடு இருக்கும்.

மரத்தடியிலும் இதே கதைதான். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை விழுவதை எண்ணெய்க்கென்று கூட்டி அள்ளிவிடுகிறார்கள். சருகைக் கொளுத்தும்போது தப்பியதும் கருகுகிறது. மிதிபட்டு இறுகிய தரையில் கிடப்பது வெயிலில் காய்கிறது. அதையும் மீறி முளைத்தால் ஆடு மேய்ந்துவிடும். பழந்தின்னி வௌவால் தூக்கிப்போய்ப் போடும் கொட்டைக்கும் இன்று கரம்பு நிலம் கிடைப்பதில்லை. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்ற காலம் போனபின் இதை நடவும் ஆளில்லை. விழுந்ததைப் பொறுக்க மட்டும் ஆளிருக்கிறது.

இந்த வருஷம் நன்றாகக் காய்க்கும் இரண்டு மூன்று மரங்களின் அடியைக் கூட்டாமல் விடச் சொல்லுங்கள். பழுத்து விழுந்ததை அன்றன்றே பொறுக்கி, சதையைப் பிசைந்து கழுவி, நிழலில் தண்ணீர் வடியவிட்டு, அதே வாரத்தில் விதையுங்கள். 15 × 25 செ.மீ. பையில், செம்மண், மணல், தொழுவுரம் கலந்து, 2 செ.மீ. ஆழத்தில் கொட்டையைப் படுக்கவையுங்கள். புது விதை சுமார் பத்து நாளிலிருந்து முளைவிடும். ஆணிவேர் வேகமாக இறங்குவதால் மாதம் ஒருமுறை பையை நகர்த்தி வையுங்கள். தரைக்குள் போன வேரைப் பிய்த்து எடுத்த கன்று நட்டபின் வாடிப்போகும். ஏரிக்கரையில் தண்ணீர் ஊற்ற ஆளிருந்தால், பையே வேண்டாம்: குழிக்கு மூன்று கொட்டை வீதம் நேரடியாக விதைத்து, பிறகு ஒன்றை மட்டும் விடுங்கள். ஆணிவேர் கலையாது என்பதால் எனக்கு இதுதான் பிடித்த முறை. குழியின் நீளம், அகலம், ஆழம் மூன்றும் 60 செ.மீ., இடைவெளி 8 மீட்டர். முள்வேலி கட்டாயம், கன்று ஆள் உயரம் தாண்டும்வரை அதை எடுக்கக் கூடாது. மெதுவாக வளரும் மரம், விதைக் கன்று காய்க்கப் பத்து வருஷம்போல ஆகும்.

பெரிய மரங்களையும் ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். இலுப்பை இலைக்கு நடுவே வேறு மாதிரித் தடித்த இலைக் கொத்து தெரிந்தால் அது புல்லுருவி. அதை மட்டும் ஒடித்தால் மறுபடி துளிர்க்கும். ஒட்டிய இடத்துக்கு ஓர் அடி கீழே கிளையோடு அறுத்து, புல்லுருவியின் பழம் பழுக்கும்முன் அகற்றுங்கள். பிசுபிசுப்பான அந்த விதையைப் பூக்கொத்திக் குருவிகள் அடுத்த கிளையில் ஒட்டிவிட்டுப் போகும்.