கதிர்காமத்துக்குக் கப்பலா, விமானமா?

கேள்வி: எங்கள் வீடு வேலூரில். நான், மனைவி, பத்தாவது படிக்கும் மகன், 69 வயது அம்மா என நான்கு பேர். அம்மாவுக்கு முட்டி வலி, விமானம் என்றாலே பயம். கதிர்காமமும் திருக்கோணேஸ்வரமும் பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய பல வருட ஆசை. சென்னைத் துறைமுகத்திலேயே சொகுசுக் கப்பல் ஏறி இலங்கை போய்த் திரும்பலாம் என்கிறார் மைத்துனர். கொழும்புக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம்தான், எதற்குக் கப்பலில் காசைக் கரைக்கிறீர்கள் என்கிறான் தம்பி. எதில் போவது?

பதில்: தம்பியின் கணக்கு கொழும்போடு நின்றுவிடுகிறது. உங்கள் அம்மா பார்க்க நினைப்பது கொழும்பை அல்ல. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கிய பிறகு கதிர்காமத்துக்குச் சாலை வழியாக முந்நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம்தான் குறைவு. திருக்கோணேஸ்வரம் இருக்கும் திருகோணமலை வேறு திசையில் இன்னொரு இருநூற்றைம்பது கிலோமீட்டர். இரண்டையும் பார்ப்பதென்றால் முட்டி வலிக்காரர் மூன்று நாள் காரில் உட்கார்ந்தே இருக்க வேண்டும். இப்போது அதே வரைபடத்தைக் கடல் பக்கமிருந்து பாருங்கள். அம்பாந்தோட்டைத் துறைமுகத்திலிருந்து கதிர்காமம் சுமார் 40 கிலோமீட்டர்தான். திருகோணமலையில் கோயில் ஊருக்குள்ளேயே, கடலை ஒட்டிய கோட்டைக்குள் இருக்கிறது. கப்பல் இந்த இரண்டு துறைமுகங்களுக்கும் போகுமானால், உங்கள் வீட்டுக்குக் கப்பல்தான் சரி. போகாவிட்டால் இல்லை. நான் சொல்லப்போவதில் பாதி இந்த 'போகுமானால்' பற்றியதுதான்.

2022 ஜூனில் கொர்டிலியா நிறுவனத்தின் 'எம்பிரஸ்' கப்பலை முதலமைச்சர் சென்னையில் கொடியசைத்து அனுப்பினார். அடுத்த ஆண்டு ஜூனில் அதே கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கைக்குப் போனது. உங்கள் மைத்துனர் மனதில் வைத்திருப்பது அந்தப் பயணமாகத்தான் இருக்கும். ஆனால் பேருந்து போல வருடம் முழுவதும் ஓடும் சேவை அல்ல அது. இந்தக் கப்பலுக்கு வீடு மும்பை. தென்மேற்குப் பருவமழையில் அரபிக்கடல் கொந்தளிக்கும் மாதங்களில் கிழக்குக் கரைக்கு வருகிறது. அதனால் சென்னைப் பயணங்கள் ஜூனை ஒட்டிய சில மாதங்களில்தான் இருக்கும். எந்தத் துறைமுகங்கள் என்பதும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். விளம்பரத்தில் 'இலங்கை' என்று போட்டிருந்தால் போதாது, நீங்கள் பார்க்கும் அந்தத் தேதியின் பயண நிரலில் இரண்டு ஊர்ப் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். 'சென்னை - கடல் - சென்னை' என்றொரு வகையும் உண்டு. இரண்டு இரவு நடுக்கடலில் சுற்றிவிட்டு அதே இடத்தில் இறக்கிவிடுவார்கள். அதை இலங்கைப் பயணம் என்று நினைத்துப் பணம் கட்டியவர்களை எனக்குத் தெரியும்.

அடுத்து மணிக்கணக்கு. சென்னையிலிருந்து திருகோணமலை ஏறத்தாழ 280 கடல் மைல். மணிக்கு 16, 17 கடல் மைல் வேகத்தில் போனாலும் 16 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதுவரை கப்பல்தான் உங்கள் ஊர். பொதுவாகக் காலையில் துறைமுகம் சேர்ந்து மாலையில் கிளம்பும். நிரலில் '8 முதல் 5 வரை' என்று இருந்தால் ஒன்பது மணி நேரம் கையில் இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். குடியுரிமைச் சோதனை முடிந்து, வரிசையில் நின்று இறங்குவதற்கு ஒன்றரை மணி நேரம் போய்விடும். கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே எல்லோரும் ஏறியிருக்க வேண்டும். மிச்சம் ஆறரை மணி நேரம். கதிர்காமம் போய், மாணிக்க கங்கையில் கால் நனைத்து, கும்பிட்டுத் திரும்ப அது போதும். ஆனால் அங்கே மதியப் பூஜைக்குக் காத்திருந்து, பிறகு சாவகாசமாகச் சாப்பிட்டு, கடைவீதியும் பார்த்துவிட்டு வரலாம் என்றால் இழுபறிதான்.

கப்பல் நிறுவனமே நடத்தும் கரைச் சுற்றுலாவில் போனால் விலை கூடுதல்தான். ஆனால் அந்த வண்டி தாமதமானால் கப்பல் அனேகமாகக் காத்திருக்கும். நீங்களே வண்டி பிடித்துப் போய்த் தாமதமானால் காத்திருக்காது. அப்புறம் கையில் பாஸ்போர்ட்டும் கைப்பையும் மட்டும் வைத்துக்கொண்டு அம்பாந்தோட்டையிலிருந்து ஊர் திரும்ப வழி தேட வேண்டியதுதான். கதிர்காமத்துக்கு அவர்கள் வண்டி, திருகோணமலைக்கு உங்கள் சொந்த ஆட்டோ. இதுதான் என் யோசனை. ஒரு நல்ல விஷயம், இந்தியாவுக்கும் இலங்கைக்கும் கடிகாரம் ஒன்றே. சிங்கப்பூரில் ஏறி புக்கெட் போகிறவர்களுக்கு ஒரு மணி நேர வித்தியாசம் உண்டு, கப்பல் நேரமா கரை நேரமா என்று தடுமாறிப் பதறி ஓடி வருவார்கள். அந்தத் தொல்லை உங்களுக்கு இல்லை.

சிங்கப்பூர் என்றதும் ஞாபகம் வருகிறது, உங்களிடமும் யாராவது சொல்வார்கள்: 'சிங்கப்பூர் போய் ஏறுங்கள், அங்கே கப்பல் இதைவிட நாலு மடங்கு பெரிசு.' பெரிசுதான். ஆனால் நாலு மணி நேர விமானம், சிங்கப்பூர் விசா, அதுவும் கப்பலில் வெளியே போய்த் திரும்பி நுழைவதால் பல முறை நுழையும் விசா, விமானம் தாமதமானால் கப்பல் போய்விடுமே என்று முந்தைய நாளே போய்த் தங்க ஓட்டல், இவ்வளவும் சேரும். சொந்தத் துறைமுகத்தில் ஏறுவதன் லாபமே இதெல்லாம் இல்லாமல் போவதுதான். காட்பாடியில் காலை ரயில் ஏறினால் இரண்டரை மணி நேரத்துக்குள் சென்ட்ரல், அங்கிருந்து துறைமுகம் இருக்கும் ராஜாஜி சாலைக்கு ஒரு ஆட்டோ. ராஜாஜி சாலையில் கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் மட்டும் கொஞ்சம் பொறுமை வேண்டும். சொந்தக் காரில் வந்தால் துறைமுகத்துக்குள் ஐந்து நாள் நிறுத்த இடம் கிடைக்கும் என்று நம்பாதீர்கள், சென்னையில் உறவினர் வீட்டு வாசலில் விட்டுவிடுங்கள். சீட்டில் போட்டிருக்கும் புறப்பாட்டு நேரத்தை மறந்துவிட்டு, உள்ளே விடுவதை நிறுத்தும் நேரத்தை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அது பல மணி நேரம் முன்பே முடிந்துவிடும்.

வேலூரிலிருந்து ரயிலிலும் ஆட்டோவிலும் போய் ஏறுகிறோம் என்பதால் இது வெளிநாட்டுப் பயணம் இல்லை என்று ஆகிவிடாது. உள்நாட்டுக் கப்பல் பயணத்துக்கு ஆதார் போதும், இலங்கை தொட்டால் பாஸ்போர்ட் வேண்டும், திரும்பும் தேதியிலிருந்து இன்னும் ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். இலங்கையின் மின்னணுப் பயண அனுமதி விதியும் அதன் கட்டணமும் கடந்த சில வருடங்களில் பலமுறை மாறியிருக்கின்றன. முகவர் சொல்வதை மட்டும் கேட்காமல் இலங்கை அரசின் தளத்தில், பணம் கட்டும் வாரத்தில், நீங்களே ஒரு முறை பாருங்கள்.

அம்மாவின் அறைக்கு வருவோம். எம்பிரஸ் 1990-ல் பிரான்சில் கட்டிய கப்பல். அன்று அதன் பெயர் 'நார்டிக் எம்பிரஸ்'. பதினோரு தளம், 210 மீட்டர் நீளம், பார்க்கப் பிரமாண்டம்தான். ஆனால் அறைகள் அந்தக் காலத்து அளவு. சன்னல் இல்லாத உள் அறை என்றால் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் ஒருவர் போனால் இன்னொருவர் ஒதுங்க வேண்டும். நான்கு பேர் அறை எடுத்தால் மலிவு, மூன்றாவது நான்காவது ஆளுக்குக் கட்டணம் குறையும். ஆனால் அந்த இரண்டு படுக்கைகளும் சுவரிலிருந்து இறங்கும் மேல் படுக்கைகள், ஏணி வைத்து ஏற வேண்டும். ரயிலில் லோயர் பெர்த்துக்குப் போராடும் நாம் இங்கே ஏமாறலாமா? பக்கத்துப் பக்கத்தில் இரண்டு அறை எடுங்கள். அம்மாவும் பேரனும் சன்னல் வைத்த அறையில், நீங்கள் இருவரும் உள் அறையில். பால்கனிக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் இந்தக் கப்பலில் வீண் என்பது என் எண்ணம். வெயில் காலத்தில் அங்கே யாரும் உட்காருவதில்லை.

அறை எங்கே இருக்கிறது என்பது விலையைவிட முக்கியம். கப்பல் ஆடுவது சீசா பலகை மாதிரி, நுனிகளில் அதிகம், நடுவில் குறைவு. மேலே அதிகம், கீழே குறைவு. ஆகவே நடுப்பகுதி, கீழ்த் தளம், லிஃப்டுக்கு அருகில் என்று கேளுங்கள். முகவர் 'தானாக ஒதுக்குவார்கள்' என்பார். கூடுதலாகக் கொஞ்சம் கட்டினால் எண் பார்த்தே எடுக்கலாம், கட்டுங்கள். ஜூன், ஜூலையில் திருகோணமலைக் கடல் அமைதியாக இருக்கும், அங்கே அதுதான் பருவம். அதே மாதங்களில் இலங்கையின் தெற்கு முனையில் தென்மேற்குக் காற்று நேராக அடிக்கும், அம்பாந்தோட்டையை நெருங்கும் இரவில் ஆட்டம் தெரியும். அம்மாவின் டாக்டரிடம் முன்பே கேட்டு வாந்தி மாத்திரை வாங்கி வையுங்கள். வயதானவர்களுக்கு அந்த மாத்திரையில் தூக்கமும் தலைசுற்றலும் வரும் என்பதால் கேட்காமல் கொடுக்க வேண்டாம். இஞ்சி மொரப்பா இரண்டு பாக்கெட் இருந்தால் பாதிப் பேருக்கு அதுவே போதும்.

சில துறைமுகங்களில் கப்பல் கரையை அணையாது. வெளியே நங்கூரம் போட்டுவிட்டுச் சின்னப் படகில் கொண்டுபோய் விடுவார்கள். ஆடும் கப்பலிலிருந்து ஆடும் படகுக்கு ஒரு எட்டு வைக்க வேண்டும், முட்டி வலிக்காரருக்கு அந்த ஒரு எட்டுதான் பிரச்சினை. 'இரண்டு ஊரிலும் கரை அணையுமா, படகா?' என்று எழுத்தில் கேளுங்கள். சக்கர நாற்காலி வேண்டுமென்றால் பதிவு செய்யும்போதே சொல்லுங்கள், துறைமுகத்தில் போய்க் கேட்டால் கிடைக்காது. கோணேஸ்வரத்தில் கோட்டை வாசலிலிருந்து மேடு ஏற வேண்டும். அதை நடந்து ஏறாமல் ஆட்டோவிலேயே மேலே போக முடியுமா என்று அன்று அங்கே விசாரித்துக்கொள்ளுங்கள்.

பணம். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது 'இருவர் தங்கும் அறையில் ஒருவருக்கு' என்ற விலை. அதன் மேல் ஜிஎஸ்டி, துறைமுகக் கட்டணம், ஊழியர்களுக்கான அன்பளிப்பு என்று ஆளுக்கு இரவுக்கு இவ்வளவு, கரைச் சுற்றுலா, இணையம். சாப்பாடு சேர்ந்தது, ஜூஸும் குளிர்பானமும் சேராது. வெளிநாட்டுப் பயணத் தொகுப்பு என்பதால் டிசிஎஸ்-ம் (விற்பவரே முன்கூட்டி வசூலிக்கும் வரி) பிடிப்பார்கள், வருமான வரி தாக்கல் செய்யும்போது அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம் என்பதால் ரசீது பத்திரம். எல்லாம் சேர்த்துக் கூட்டிவிட்டு, பிறகு தம்பியிடம் நான்கு விமான டிக்கெட், நான்கு இரவு ஓட்டல், மூன்று நாள் வண்டி வாடகை, சாப்பாடு என்று அவன் கணக்கையும் முழுசாகக் கூட்டச் சொல்லுங்கள். பெரும்பாலும் கப்பல் கொஞ்சம் கூடுதலாகத்தான் வரும். தம்பி சொல்லும் அளவுக்குக் கூடுதலாக வராது.

இதில் ஒரு ஆபத்தை மறைக்க விரும்பவில்லை. காற்று, அலை, அனுமதி எதையாவது சொல்லி ஒரு துறைமுகத்தைக் கப்பல் தவிர்க்கலாம், அந்த உரிமை ஒப்பந்தத்தில் இருக்கும். பொதுவாகத் துறைமுகக் கட்டணம் மட்டும் திரும்ப வரும். 2022-ல் சென்னையிலிருந்து போன கப்பலுக்குச் சூதாட்ட அரங்கு இருப்பதைக் காரணம் காட்டிப் புதுச்சேரியில் அனுமதி தரவில்லை, பயணிகள் ஊரைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். அம்பாந்தோட்டை விட்டுப்போனால் அம்மாவுக்குப் பயணமே வீண் என்றால் இதை முன்பே அவரிடம் சொல்லிவிடுங்கள். யாழ்ப்பாணப் பக்கம் நல்லூரும் கீரிமலையும் பார்க்கத்தான் ஆசை என்று அவர் சொல்லியிருந்தால் நான் கப்பலையே சொல்லியிருக்க மாட்டேன். அதற்கு நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு நாலு மணி நேரப் பயணிகள் படகு இருக்கிறது, கடல் மோசமாகும் மாதங்களில் மட்டும் அது நின்றுவிடும்.

கப்பல் கிளம்பும் முன் எல்லோரையும் கூட்டிப் பாதுகாப்பு ஒத்திகை நடத்துவார்கள். ஏழு குட்டை ஊதலும் ஒரு நீள ஊதலும் கேட்டால் எங்கே போக வேண்டும் என்று காட்டுவார்கள். 2012-ல் இத்தாலியில் கோஸ்டா கான்கார்டியா கப்பல் கவிழ்ந்தபோது, அன்று ஏறிய பயணிகளுக்கு ஒத்திகை நடந்திருக்கவில்லை. இப்போது புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ நடத்துவது கட்டாயம். அம்மாவுக்குக் கால் வலி என்று அறையில் விட்டுவிட்டுப் போகாதீர்கள், அவர்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவர்.

கரை மறைந்ததும் கைபேசியை விமான நிலைக்கு மாற்றுங்கள். என் முதல் பயணத்தில் மாற்றவில்லை. செல்பேசி தானாகக் கப்பலின் செயற்கைக்கோள் வலையைப் பிடித்துக்கொள்ள, குடும்பக் குழுவில் யாரோ அனுப்பிய பாயசம் செய்முறை வீடியோ ஒன்று இறங்கியது. அதற்கு வந்த பில்லை மனைவியிடம் இன்றுவரை காட்டவில்லை.

மாத்திரை, ஒரு மாற்றுச் சேலை, மூக்குக் கண்ணாடி எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். பெட்டியைத் துறைமுகத்தில் வாங்கிக்கொண்டு சாயங்காலம்தான் அறை வாசலில் வைப்பார்கள். எடைக் கட்டுப்பாடு விமானத்தைப் போல இல்லை என்று சொன்னதும் வீட்டையே கட்டிக்கொண்டு வந்துவிடுவோம் நாம். போன முறை நான் அனுப்பிவைத்த ஒரு பாட்டி, சுக்குக் காப்பி போட மின் கெட்டிலைச் சேலை மடிப்புக்குள் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். ஸ்கேனரில் பெட்டி நின்றது. கடலில் தீதான் பெரிய பயம் என்பதால் சூடேற்றும் எதையும் விடமாட்டார்கள், இஸ்திரிப் பெட்டியையும் சேர்த்து. கெட்டிலை வாங்கிக்கொண்டு ஒரு சீட்டு கொடுத்தார்கள், கடைசி நாள் திருப்பித் தந்தார்கள். உங்கள் அம்மாவிடம் சுக்கு மல்லிப் பொடி மட்டும் கொடுத்து அனுப்புங்கள். உணவுக் கூடத்தில் எந்த நேரம் கேட்டாலும் வெந்நீர் கிடைக்கும்.