யு-படகு மாலுமியின் ஸோல்ட்பூக்: வாங்கும் முன் சில கேள்விகள்

கேள்வி: ஸோல்ட்பூக், வேர்பாஸ் இரண்டும் ஒன்றுதானா?

இல்லை. ஸோல்ட்பூக் இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மன் படைவீரரின் சம்பளப் புத்தகம், அவர் எப்போதும் கையோடு வைத்திருந்த அடையாளச் சான்றும் அதுதான். வேர்பாஸ் ராணுவத்துக்குப் பெயர் பதியும்போதே கிடைப்பது. பணியில் சேர்ந்ததும் அதை அலுவலகம் வாங்கி வைத்துக்கொள்ளும், ஆள் இறந்துபோனால் குடும்பத்துக்கு அனுப்பிவிடும். யு-படகுகளில், அதாவது ஜெர்மன் நீர்மூழ்கிகளில், போன சுமார் 40,000 பேரில் ஏறக்குறைய 30,000 பேர் திரும்பவே இல்லை. அதனால் இன்று விலைக்கு வரும் வேர்பாஸ்களில் பல, ஏதோ ஒரு அம்மா பீரோவில் பூட்டி வைத்திருந்தவை. படகோடு மூழ்கியவரின் ஸோல்ட்பூக் என்று யாராவது நீட்டினால், அது எப்படிக் கரையில் தங்கியது என்று முதலில் கேளுங்கள்.

கேள்வி: நான் வாங்கியதில் படகின் எண்ணே இல்லை. ஏமாந்துவிட்டேனா?

அவசரப்படாதீர்கள். ரகசியத்துக்காகப் படகின் எண்ணுக்குப் பதில் 'எம்' என்று தொடங்கும் களத் தபால் எண்ணை (படையினருக்குக் கடிதம் அனுப்பப் பயன்பட்ட எண்) எழுதுவது வழக்கம்தான். அந்த எண் எந்தப் படகுடையது என்று பட்டியலில் பார்த்துக்கொள்ளலாம். ஒவ்வொரு பக்கத்திலும் படகின் பெயரைப் பளிச்சென்று எழுதி வைத்திருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

கேள்வி: போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

தேதிகளை வைத்துத்தான். யு-படகு மாலுமிகளுக்கான விருதுகளில் யு-படகுப் போர்ச் சின்னம் 1939 அக்டோபரில் உருவானது, முன்வரிசைப் பட்டை 1944 மே மாதத்தில். அதற்கு முந்தைய தேதியில் அந்த விருதின் பதிவு இருந்தால் கதை அங்கேயே முடிந்தது. அடையாளத் தகட்டு எண்ணில் வரும் 'ஓ' பால்டிக் கடலையும் 'என்' வடகடலையும் குறிக்கும், கூடவே வரும் ஆண்டு அவர் சேர்ந்த ஆண்டோடு ஒத்துப்போக வேண்டும். புகைப்படத்தின் மேல் விழுந்த முத்திரை தாளிலும் தொடர்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். அப்புறம் புற ஊதா விளக்கு: பளீரென்று நீலமாக மின்னும் தாள் பெரும்பாலும் போருக்குப் பிந்தியது. பால்பாயின்ட் பேனா எழுத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்!

கேள்வி: சுபாஷ் சந்திர போஸ் போன படகின் மாலுமியுடையது என்று பெரிய விலை சொல்கிறார்கள், வாங்கலாமா?

அந்தப் படகு யு-180. 1943 பிப்ரவரியில் கீல் துறைமுகத்தில் போஸ் ஏறினார், ஏப்ரல் கடைசியில் மடகாஸ்கர் பக்கம் ஜப்பானிய நீர்மூழ்கி ஐ-29க்கு மாறினார், படகு ஜூலையில் பிரான்ஸின் போர்தோவுக்குத் திரும்பியது. 1944 ஆகஸ்டில் பிஸ்கே விரிகுடாவில் எல்லோரோடும் மூழ்கியபோது கேப்டனே வேறு ஆள். அதனால் 'யு-180' என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது, 1943ன் முதல் பாதியில் அவர் அந்தப் படகில் இருந்தார் என்று பதிவு சொல்ல வேண்டும். இல்லையென்றால் போஸுக்காக நீங்கள் கொடுக்கும் கூடுதல் பணம் வீண்.

கேள்வி: ஜெர்மனியில் வசிக்கிறேன். படமெடுத்து இணையத்தில் போடலாமா?

ஸ்வஸ்திகா முத்திரையை மறைத்துவிட்டுப் போடுங்கள். நாஜிச் சின்னங்களைக் காட்டுவதைத் தடைசெய்யும் குற்றவியல் சட்டத்தின் 86ஏ பிரிவு ஆய்வுக்கும் கல்விக்கும் விலக்கு தருகிறது, ஆனால் விற்பனை விளம்பரத்துக்கு அதை நம்பிக்கொண்டிருக்காதீர்கள்.

கேள்வி: கிழிந்த பக்கத்தை லேமினேட் செய்யலாமா?

ஐயோ, வேண்டாம். செலோடேப்பும் வேண்டாம். துருப்பிடித்த பின்னைக்கூட நீங்களாகப் பிடுங்காதீர்கள். அமிலமில்லாத தாளில் சுற்றி, பிவிசி அல்லாத பாலியெஸ்டர் உறையில் போட்டு, வெயில் படாத அலமாரியில் வையுங்கள்.