அட்டை காட்டினால் பிள்ளைக்குப் பேச்சு வராதா?

கொக்குவிலில் இருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகனுக்கு 5 வயது. ஓட்டிசம் என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார், சொற்கள் இன்னும் வரவில்லை. வீட்டுக்கு வந்து பயிற்சி தருகிற ஒருவர் 300 பட அட்டைகளும் ஒரு ரப்லெற்றும் சேர்ந்த பொதியை வாங்கச் சொல்கிறார். முன்பள்ளி ரீச்சரோ, படத்தில் பழக்கினால் வாய்ப்பேச்சே வராது என்கிறார். தாய் கீறிக் கொடுத்த அட்டைகளை மகன் மடித்து எறிகிறான். பாட்டு நேரத்தில் மூலையில் தனியே நிற்கிறான்.

ரீச்சரின் பயத்தை முதலில் தீர்ப்போம். பட அட்டை பேச்சைத் தடுப்பதில்லை. சைகை, படம் போன்ற மாற்று வழிகளைப் பழக்கினால் பேச்சுக்கு என்ன ஆகிறது என்று பார்த்த ஆய்வுகளைத் திரட்டி 2006இல் வெளியான மீளாய்வு ஒன்றில், நம்பத்தகுந்த சான்று இருந்த 27 பேரில் ஒருவருக்குக்கூடப் பேச்சுக் குறையவில்லை. பெரும்பாலானோருக்குக் கூடியது, கூடிய அளவு சிறிதுதான், ஆனால் கூடியது. காரணம் விளங்கக்கூடியதே. அட்டையை நீட்டும் ஒவ்வொரு தரமும் பிள்ளை அந்தச் சொல்லைக் காதால் கேட்கிறான், கேட்ட கையோடு பொருளும் கிடைக்கிறது. வேண்டியதைக் கேட்க வழியில்லாத பிள்ளைதான் கத்தியும் கடித்தும் கேட்கிறான்.

பொதியை வாங்க வேண்டாம். இதை அழுத்திச் சொல்கிறேன். ஸ்பெயினின் அரகோன் மாநில அரசு, சேர்ஜியோ பலாவோ வரைந்த ஆயிரக்கணக்கான படக்குறிகளை ‘அரசாக்’ என்ற பெயரில் இணையத்தில் இலவசமாகவே தருகிறது. அவற்றை வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று உரிமத்திலேயே எழுதியிருக்கிறது. அதே படங்களை அச்சடித்து, லமினேற் செய்து, பெட்டியில் போட்டு விலை சொல்கிற ஆட்கள் இருக்கிறார்கள். அட்டையைப் புரட்டிப் பாருங்கள்: பனிமனிதன் இருக்கும், புட்டு இருக்காது. ‘மூன்று மாதத்தில் கதைக்க வைப்பேன்’ என்று யாராவது உறுதி தந்தால் அந்த ஆளை வாசலோடு அனுப்புங்கள். எந்தச் சிகிச்சையாளராலும் அப்படி உறுதி தர முடியாது. ரப்லெற்றும் இப்போது வேண்டாம். அதில் காட்டூன் பார்த்துப் பழகிய பிள்ளைக்கு அது காட்டூன் பெட்டிதான்.

அடுத்தது, அவன் அட்டையை எறிவது. படம் பொருளைக் குறிக்கிறது என்பதே அவனுக்கு இன்னும் விளங்காமல் இருக்கலாம். சோதித்துப் பாருங்கள். அவனுக்கு மிகப் பிடித்த ஒன்று, பிஸ்கற் என்று வைப்போம். அவன் கணக்கெடுக்காத ஒன்று, சொக்ஸ் என்று வைப்போம். இரண்டையும் வெள்ளைத் துணியில் வைத்துக் கைபேசியால் படம் எடுங்கள். பின்னால் சிவப்புத் தட்டு கிடந்தால் அவன் தட்டைத்தான் பார்ப்பான். இரண்டு படங்களையும் அவன் முன் வையுங்கள். ஒன்றை எடுத்துத் தந்தவுடன் இரண்டு பொருட்களையும் நீட்டி, “எடு” என்று விடுங்கள். தந்த படத்துக்குரிய பொருளையே 10 தரத்தில் 8 தரமாவது எடுத்தால் படம் அவனுக்கு விளங்குகிறது. ஒவ்வொரு தரமும் இடம் மாற்றி வையுங்கள். சில பிள்ளைகள் எப்போதும் வலப்பக்கத்தையே எடுப்பார்கள்.

விளங்கவில்லை என்றால் படத்தை விட்டுப் பொருளுக்குப் போங்கள். தேத்தண்ணிக்கு அவன் குடிக்கிற கோப்பை, குளிப்புக்கு அவன் துவாயில் வெட்டிய துண்டு, பிஸ்கற்றுக்கு அதே பிஸ்கற்றின் உறை அட்டையில் ஒட்டியது. பேருந்துக்கு விளையாட்டுப் பேருந்தைக் கொடுக்காதீர்கள். எங்களுக்கு அது பேருந்து போலத் தெரியும், அவனுக்கு அது உருட்டி விளையாடும் சாமான். உறை அட்டை பழகிய பின் அதன் பக்கத்தில் புகைப்படத்தை ஒட்டி, கிழமைக்குக் கிழமை உறையைச் சிறிதாக வெட்டி வாருங்கள். கோட்டோவியம் கடைசியில்தான். இந்தப் படியைத் தாண்டிக் குதித்து, ‘என்ரை பிள்ளைக்குப் படம் சரிவராது’ என்று கைவிட்ட குடும்பங்கள் ஏராளம். சரிவராதது படமல்ல, தொடங்கிய இடம்.

அட்டை 5 சென்ரிமீற்றர் சதுரம் போதும். தாளை முதலில் வெட்டி, இடைவெளி விட்டு லமினேற் உறைக்குள் அடுக்கி, சூடாக்கிய பின் சுற்றிவர 3 மில்லிமீற்றர் விளிம்பு விட்டு வெட்டுங்கள். முழுத் தாளையும் லமினேற் செய்து படத்தோடு ஒட்ட வெட்டினால் ஓரம் திறந்துவிடும், பிள்ளை வாயில் வைத்தவுடன் தண்ணீர் இறங்கும். மூலைகளை வட்டமாக்குங்கள். வெல்க்றோவின் சொரசொரப்பான பக்கம் அட்டைகளை ஒட்டி வைக்கும் பலகையில், மென்மையான பக்கம் அட்டையில். வீட்டிலும் முன்பள்ளியிலும் இதை மாற்றி ஒட்டினால் அட்டை நிற்காது. எல்லாவற்றிலும் இரண்டு பிரதி செய்யுங்கள்.

முதலில் ஒரே ஒரு அட்டை. நீங்கள் பிஸ்கற்றோடு முன்னால், அம்மம்மா அவனுக்குப் பின்னால். அவன் பிஸ்கற்றுக்குக் கை நீட்டும்போது அம்மம்மா அந்தக் கையை அட்டைக்குத் திருப்பி, எடுத்து, உங்கள் உள்ளங்கையில் வைக்க உதவ வேண்டும். அவர் வாயே திறக்கக் கூடாது. அட்டை கையில் விழுந்த கணமே “பிஸ்கற்!” என்று சொல்லி, நகமளவு துண்டைக் கொடுங்கள். “என்ன வேணும்?” என்று கேட்காதீர்கள், நீங்கள் கேட்டால்தான் அட்டையைத் தருவது என்று பழகிவிடுவான். “இதென்ன? சொல்லு” என்று அட்டையைக் காட்டிப் பரீட்சை வைப்பது அதைவிட மோசம். நாள் முழுக்கப் பிரித்து 30, 40 தரம் செய்யுங்கள்.

அட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வசனமாக்கும் பட்டிக்கு வரும்போது ஒரு பிழை எல்லோரும் விடுகிறார்கள். ஆங்கிலப் பொதிகளில் ‘எனக்கு வேணும்’ என்று ஒரே அட்டையை இடப்பக்கம் முதலில் ஒட்டி, பிறகு பொருளை ஒட்டுவார்கள். நாங்கள் அப்படியா கதைக்கிறோம்? “தேத்தண்ணி வேணும்.” ஆகவே பொருள் இடப்பக்கம், ‘வேணும்’ வலப்பக்கம். கீழே எழுதும் சொல்லும் வீட்டில் சொல்வதாகவே இருக்கட்டும். ‘வேண்டாம்’, ‘போதும்’, ‘இன்னும்’, ‘நிப்பாட்டு’, ‘உதவி’ ஆகியவற்றையும் விரைவில் சேருங்கள். மறுக்கத் தெரிந்த பிள்ளை எறிவது குறையும்.

இனி முன்பள்ளி. காலையில் தன் புகைப்படத்தை வரவுப் பலகையில் அவனே ஒட்டட்டும். பாட்டு நேரத்தில் காகம், ரயில், மழை என மூன்று படங்களை ரீச்சர் நீட்டட்டும்; அவன் தொட்டதைத்தான் அன்றைக்கு எல்லாரும் பாட வேண்டும். அவன் பாடாவிட்டாலும் அந்தப் பாட்டு அவன் எடுத்தது. விளையாட்டில் ‘என்ரை முறை’ அட்டையை மற்றப் பிள்ளைகளும் பாவிக்கட்டும். ரீச்சரும் “நிப்பாட்டு” என்று சொல்லும்போது அந்தப் படத்தைத் தொட்டுக் காட்ட வேண்டும். பேச்சையும் இப்படிக் கேட்டுக் கேட்டுத்தானே பிள்ளைகள் படிக்கிறார்கள். பெரியவர்கள் தொடாத பலகையைப் பிள்ளை மட்டும் ஏன் தொடுவான்? பொழுது முடிந்ததும் அட்டைகளை அலுமாரியில் பூட்டி வைக்கிற வழக்கம் எனக்குப் பொறுக்க முடியாதது. அது பிள்ளையின் வாயைப் பூட்டுவது.

செவிச் சோதனை செய்யாவிட்டால் உடனே செய்யுங்கள். பேச்சு மொழிச் சிகிச்சையாளரிடமும் பதிந்து வையுங்கள், ஆனால் அந்தத் திகதி வரும்வரை காத்திருக்காதீர்கள். நெடுந்தீவில் இருந்து படகேறி வருகிற தாய்க்கும் அரை மணித்தியாலம்தான் கிடைக்கிறது, அடுத்த முறை எப்போதென்று தெரியாது. தரம் 1க்குப் போகையில் முன்பள்ளியில் பழகியது எதுவும் புது வகுப்புக்குத் தானாகப் போய்ச் சேராது. அவன் பாவிக்கிற அட்டைகள் எவை, எப்படித் தருவான், அப்போது ஆசிரியர் என்ன சொல்ல வேண்டும் என்று அரைப் பக்கத்தில் எழுதி, இரண்டாவது பிரதி அட்டைகளோடு முதல் நாளே வகுப்பாசிரியர் கையில் நேரே கொடுங்கள்.