டீக்கடைச் சக்கையில் சத்துப் பொடி எடுக்கலாமா?

கேள்வி: பத்து டீக்கடைகளில் தினமும் 15 கிலோ ஈரச் சக்கை கிடைக்கும். அதிலிருந்து கேட்டச்சின் என்ற தேயிலைச் சத்தைப் பொடியாக எடுக்கும் மெஷினை மூன்று லட்சத்துக்குத் தருகிறேன், பொடியையும் நானே வாங்கிக்கொள்கிறேன் என்கிறார் ஒருவர். இறங்கலாமா? – ஈரோடு வாசகர்

பதில்: முன்பணம் கொடுத்துவிடவில்லையே? கொடுக்காதீர்கள்.

ஈரச் சக்கையில் முக்கால் பங்கு தண்ணீர்தான். காய்ந்தால் நாலு கிலோவுக்கும் கொஞ்சம் குறைவாகத்தான் தேறும். அதிலும் நீங்கள் தேடும் சரக்கு இருக்காது. கேட்டச்சின் நிறைய இருப்பது பறித்த கொழுந்திலும் பச்சைத் தேயிலையிலும் (க்ரீன் டீ). கடைத்தூள், இலையை நசுக்கிக் காற்றுப்படக் கருக்க விட்டது. கேட்டச்சினில் பெரும்பகுதி தொழிற்சாலையிலேயே டீக்குச் சிவப்பு தரும் வேறு பொருள்களாக மாறிவிடும். மிச்சமும் கஃபீனும் வடிகட்டும் பையிலிருந்து டிக்காஷனில் இறங்கி, வாடிக்கையாளர் வயிற்றுக்குப் போயாயிற்று.

சுத்திகரிப்பும் லேசான வேலையில்லை. கஃபீனை நீக்கி, ரெசின் என்ற ஒட்டிப் பிடிக்கும் மணிகள் நிரப்பிய குழாயில் கேட்டச்சினைப் பிடித்து, எத்தனால் என்ற சாராயத்தால் கழுவி இறக்கி, அந்த எத்தனாலை முழுவதும் ஆவியாக்கி உலர்த்த வேண்டும். மூன்று லட்ச மெஷின் காய்ச்சும், உலர்த்தும், அவ்வளவுதான். வருவது பழுப்புப் பொடி. ஒப்பந்தத்தில் 'தரம் இருந்தால் வாங்குவோம்' என்று ஒரு வரி ஒளிந்திருக்கும். பொடி திரும்பி வருவது அந்த வரியால்தான்.

இன்னொருவரும் வருவார்: சக்கையைக் காயவைத்துக் கொடுங்கள், நல்ல விலை தருகிறேன் என்பார். சாயம் ஏற்றி டீத்தூளில் கலக்கத்தான் அது. எத்தனாலுக்கு ஆயத்தீர்வைத் துறை, பொடியை விற்க உணவுப் பாதுகாப்பு உரிமம், தேயிலைத் தொழிற்சாலைக் கழிவைத் தொட்டால் 1959-ஆம் ஆண்டு ஆணைப்படி தேயிலை வாரியம் என்று நேர்மையானவன் மேஜை மேஜையாக அலைகிறான். சாயக்காரன் எந்த மேஜைக்கும் போவதில்லை. என்ன முறையோ இது!

ஒரு விதிவிலக்கு உண்டு. பால் படாத, ஒரே முறை வெந்நீர் ஊற்றிய பச்சைத் தேயிலை. அதில் கேட்டச்சின் ஓரளவு தங்கும். பால் பட்டிருந்தால் அதன் புரதம் கேட்டச்சினைப் பிடித்துக்கொள்ளும். இரண்டாம் தண்ணீர் ஊற்றியிருந்தாலும் வேண்டாம். அன்றே உலர்த்தவில்லை என்றால் பூஞ்சை பிடிக்கும், அப்புறம் உரக்குழிதான். இத்தனைக்கும் பொருந்தும் சக்கை பத்துக் கடையில் ஒரு கைப்பிடி கிடைக்குமா?

கிடைத்தாலும் மருந்து என்று விற்காதீர்கள். பச்சைத் தேயிலைச் சாற்றின் முக்கியக் கேட்டச்சினை மாத்திரையாக நாளுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் எடுத்தால் கல்லீரலுக்குக் கேடு வரலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் எச்சரித்திருக்கிறது.

சரி, மெஷின்காரரிடம் ஒன்று கேளுங்கள். உங்கள் சக்கையை உங்கள் கண்ணெதிரே ஓட்டிப் பொடி எடுக்கட்டும். பொடியை லேபுக்கு நீங்களே கொண்டுபோங்கள், அவர் கையில் கொடுத்தனுப்ப வேண்டாம். கேட்டச்சின், கஃபீன், மிச்சக் கரைப்பான் (பொடியில் தங்கிய எத்தனால்) மூன்றுக்கும் அறிக்கையில் எண் இருக்க வேண்டும். அதுவரை பணப்பையைத் திறக்காதீர்கள்.