விளக்கு சிமிட்டுகிறது, திரையில் ஒன்றுமில்லை

குளிர் தொடங்கிவிட்டால் நீலகிரியிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் வரும் கேள்விகள் மானிட்டர் பக்கம் திரும்பிவிடும். ஒன்றுபோலத் தோன்றினாலும் ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு. அதனால் இந்த முறை மானிட்டர் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: பச்சைத் தேயிலை எடை போட்டு வாங்கும் இடத்தில் கணக்கு எழுதுகிறேன். இலை போடுகிறவர்களுக்கு பில் அடிக்கும் கம்ப்யூட்டரில் இந்த வாரம் முழுக்க டிஸ்பிளே வரவில்லை. சி.பி.யு.வில் ஃபேன் சுற்றுகிறது, மானிட்டரில் ஆரஞ்சு விளக்கு மட்டும் விட்டு விட்டு எரிகிறது. மானிட்டர் போய்விட்டது, புதிது வாங்குங்கள் என்கிறார் கடைக்காரர். வாங்கிவிடலாமா சார்?
— வாசகர், கோத்தகிரி

பதில்: பொறுங்கள், இப்போதே பணத்தை எடுக்காதீர்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் மானிட்டர் நன்றாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆரஞ்சு விளக்கு நிதானமாக விட்டு விட்டு எரிந்தால், மானிட்டருக்குக் கரண்ட் வருகிறது, கம்ப்யூட்டரிலிருந்து படம்தான் வரவில்லை என்று அர்த்தம். சில கம்பெனிகள் இதற்கு நீலம் வைக்கின்றன, சிலவற்றில் வெள்ளை. நிறத்தை விட, எப்படிச் சிமிட்டுகிறது என்பதுதான் முக்கியம்.

முதலில் ஒரு சின்ன சோதனை. கம்ப்யூட்டரிலிருந்து மானிட்டருக்கு வரும் படக் கேபிளை மானிட்டர் பக்கத்தில் கழற்றிவிடுங்கள், கரண்ட் வயர் மட்டும் இருக்கட்டும். மானிட்டரை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள். ‘நோ சிக்னல்’ என்றோ ‘செக் கேபிள்’ என்றோ ஒரு சின்னக் கட்டம் திரையில் வந்தால் பேனல், அதன் பின்னால் வெளிச்சம் தரும் பேக்லைட், உள்ளே இருக்கும் பவர் போர்டு எல்லாம் வேலை செய்கிறது, கோளாறு கேபிளிலோ கம்ப்யூட்டரிலோதான். யாரிடமாவது லேப்டாப் இருந்தால் எச்.டி.எம்.ஐ. கேபிளில் மாட்டிப் பார்த்துவிடுங்கள், சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும். இந்த இரண்டு நிமிட வேலையைச் செய்து பார்க்காமல் புது மானிட்டர் விற்கிறவரிடம் மானிட்டர் வாங்க வேண்டாம் என்பேன்.

கட்டம் வந்தது என்று வைத்துக்கொள்வோம். இனி கேபிள். பழைய நீலக் கனெக்டர் உள்ள வி.ஜி.ஏ. கேபிள் என்றால் பின்களைப் பாருங்கள், ஏதாவது வளைந்திருக்கலாம். நடு வரிசையில் ஒரு பின் இல்லையே என்று பதற வேண்டாம், பல கேபிள்கள் அப்படித்தான் வரும். கம்ப்யூட்டரில் தனியாக கிராபிக்ஸ் கார்டு இருந்தால் கேபிளை அந்தக் கார்டின் போர்ட்டில்தான் செருக வேண்டும். யாராவது கூட்டிப் பெருக்கும்போது கழன்றதை மதர்போர்டு போர்ட்டில் மாற்றிச் செருகியிருந்தால் இதே கருப்புத் திரைதான். மானிட்டரின் மெனுவில் இன்புட் எதில் நிற்கிறது என்பதையும் பாருங்கள். வி.ஜி.ஏ.யில் மாட்டிவிட்டு எச்.டி.எம்.ஐ.யில் தேடிக்கொண்டிருக்கும் மானிட்டர்கள் ஏராளம்.

அதெல்லாம் சரியாக இருந்தால் கீபோர்டில் ‘நம் லாக்’ (Num Lock) பட்டனை அழுத்துங்கள். விளக்கு எரிந்து அணைந்தால் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, படம் வெளியே வரும் வழியில்தான் தடை. அழுத்தினாலும் அசையவே இல்லை என்றால் கம்ப்யூட்டர் ஆரம்பத்திலேயே நின்றுவிட்டது, ஃபேன் சுற்றுவதை மட்டும் வைத்து ஓடுகிறது என்று நினைக்கக் கூடாது. உங்கள் இடத்துக்கு இதில் என் முதல் சந்தேகம் ரேம், அதாவது மதர்போர்டில் செருகியிருக்கும் மெமரி அட்டை மேல்தான். நனைந்த இலைச் சாக்குகள் வந்து இறங்கும் இடம், ஈரம் எப்போதும் இருக்கும், சி.பி.யு.வும் தரையில் இருக்கலாம். ரேமின் தங்க நிறப் பட்டைகளிலும் அதன் ஸ்லாட்டிலும் மெல்லிய படலம் படிந்து கான்டாக்ட் போய்விடும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடித்து, கேபினட்டின் இரும்பை ஒரு தடவை தொட்டுவிட்டு ரேமைக் கழற்றுங்கள். பென்சில் அழிக்கும் வெள்ளை ரப்பரால் அந்தப் பட்டைகளை மெதுவாகத் தேய்த்து, தூளைத் தட்டி, இரண்டு பக்கமும் ‘டக்’ என்று சத்தம் வரும்வரை அழுத்தி மாட்டுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் போய் உட்காரும். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். அப்புறமும் வரவில்லை என்றால் மதர்போர்டில் இருக்கும் சி.ஆர். 2032 பட்டன் பேட்டரியை மாற்றிப் பார்க்கலாம், கடைசியாகக் கம்ப்யூட்டர் ஓடியபோது தேதி பழைய வருஷத்துக்குப் போயிருந்தால் நிச்சயம் மாற்றுங்கள். இதற்கும் மசியவில்லை என்றால் சி.பி.யு.வை மட்டும் மெக்கானிக்கிடம் எடுத்துப் போங்கள், மானிட்டர் மேஜையிலேயே இருக்கட்டும்.

கேள்வி: தலைகுந்தா பக்கம் வீடு. டிசம்பர், ஜனவரியில் மட்டும் இந்தத் தொல்லை. காலையில் ஆன் செய்தால் மானிட்டர் விளக்கு படபடவென்று சிமிட்டும், திரை ஒரு விநாடி மின்னி அணையும். அரை மணி நேரம் அப்படியே விட்டால் தானாக வந்துவிடும். என் மகன் ஹேர் டிரையரைப் பின்பக்கம் காட்டி வரவைக்கிறான். பழைய மானிட்டர்தான். இப்படியே ஓட்டலாமா?
— வாசகி, ஊட்டி

பதில்: இது கோத்தகிரிக்காரரின் கேஸ் இல்லை, உங்களுடையது மானிட்டருக்குள்ளேயே இருக்கிறது. ஹேர் டிரையர் அதைக் காட்டியும் கொடுத்துவிட்டது.

உள்ளே பவர் போர்டில் சின்னச் சின்ன உருளைகளாக எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர்கள் இருக்கும். அவற்றுக்குள் இருப்பது திரவம். பல வருஷச் சூட்டில் அது கொஞ்சம் கொஞ்சமாக வற்றும். மிச்சம் இருப்பதும் குளிரில் மந்தமாகிவிடும், உள்ளே ரெசிஸ்டன்ஸ் ஏறும், கெபாசிட்டரால் கரண்ட்டைச் சீராக்க முடியாது. போர்டு ஏதோ தப்பு என்று தன்னை அணைத்துக்கொள்ளும், திரும்ப முயற்சிக்கும், திரும்ப அணையும். நீங்கள் பார்க்கும் படபடப்பு அதுதான். அரை மணியில் கொஞ்சம் சூடேறியதும் வேலை செய்யத் தொடங்கும். நல்ல கெபாசிட்டராக இருந்தால் உங்கள் பக்கத்து உறைபனிக் காலையிலும் வீட்டுக்குள் தடங்கல் இல்லாமல் ஓடும். இந்த வருஷம் அரை மணி என்றால் அடுத்த வருஷம் இன்னும் நேரம் பிடிக்கும், பிறகு ஏப்ரலிலும் வராது. அதனால் இப்படியே ஓட்டலாமா என்றால், ஓட்டலாம், ஓடும்வரை!

ஆனால் மாற்றுவது பெரிய செலவே இல்லை. கெபாசிட்டர் ஒன்று சில ரூபாய்தான், கூலிதான் மிச்சம். மெக்கானிக் திறக்கும்போது நீங்களும் எட்டிப் பாருங்கள்: மேல்பக்கம் தட்டையாக இருக்க வேண்டும், உப்பியிருந்தாலோ பழுப்பாகக் கசிந்திருந்தாலோ அதுதான் குற்றவாளி. 2000-ஐ ஒட்டிய வருஷங்களில் மட்டமான கெபாசிட்டர்கள் உலகம் முழுக்கப் போர்டுகளில் ஏறிவிட்டன, அந்தக் காலத்து மதர்போர்டுகளும் மானிட்டர்களும் கூட்டம் கூட்டமாக இப்படித்தான் போயின. மாற்றும்போது மைக்ரோஃபாரட் அதே அளவு, வோல்ட் அதே அல்லது சற்றுக் கூட, 105 டிகிரி, லோ ஈ.எஸ்.ஆர். (உள் ரெசிஸ்டன்ஸ் குறைந்த) வகை என்று கேட்டு வாங்கச் சொல்லுங்கள். மகன் ஆர்வக்காரன் போலத் தெரிகிறது, தானே திறக்க ஆசைப்படுவான், விடாதீர்கள். அந்தப் போர்டில் உள்ள பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நிற்கும்.

இன்னொன்றும் பார்த்துவிடுங்கள். படம் இரண்டு விநாடி வந்து மறைந்தால், இருட்டில் ஒரு டார்ச்சைத் திரைக்குச் சாய்வாக அடியுங்கள். மங்கலாக ஐகான்கள் தெரிந்தால் படம் இருக்கிறது, பின்னால் வெளிச்சம்தான் இல்லை. பழைய மானிட்டர்களில் பேக்லைட் என்பது மெல்லிய குழல் விளக்கு, வயதான குழல் குளிரில் சட்டென்று பற்றாது. அதையும் மெக்கானிக்கிடம் சொல்லிவிடுங்கள், வேலை பாதி குறையும்.

கேள்வி: காட்டேஜ் ரிசப்ஷனில் இருக்கும் மானிட்டர் ஓர் இடி மழைக்கு அடுத்த நாளிலிருந்து வேலை செய்யவில்லை. அடாப்டரில் இருக்கும் பச்சை விளக்கு சிமிட்டுகிறது, காதை வைத்துக் கேட்டால் டிக் டிக் என்கிறது.
— வாசகர், கொடைக்கானல்

பதில்: காதை வைத்துக் கேட்டீர்களே, அதற்கே ஒரு சபாஷ். அடாப்டர் கரண்ட் கொடுக்கப் பார்க்கிறது, எங்கோ ஷார்ட் இருப்பதைக் கண்டு நிறுத்துகிறது, மறுபடி முயற்சிக்கிறது. அந்த ஒவ்வொரு முயற்சியும்தான் ஒரு டிக். மானிட்டரில் செருகியிருக்கும் முனையைக் கழற்றிவிட்டு அடாப்டரை மட்டும் சுவர் பாயின்டில் மாட்டுங்கள். விளக்கு நிலையாக எரிந்தால் ஷார்ட் பெரும்பாலும் மானிட்டர் போர்டில், அப்போதும் சிமிட்டினால் அடாப்டரில். அடாப்டர்தான் என்றால் தப்பித்தீர்கள். புதியதில் வோல்ட் பழையதில் போட்டிருப்பதேதான் இருக்க வேண்டும், ஆம்பியர் அதற்குக் குறையக் கூடாது, முனையின் அளவும் பிளஸ் மைனஸ் குறியும் ஒத்துப்போக வேண்டும். பழைய லேப்டாப் அடாப்டர் கிடக்கிறதே, முனை நுழைகிறதே என்று செருகிவிடாதீர்கள்.

மலையில் ஏப்ரல், மே மாதங்களிலும் ஐப்பசி மழையிலும் இடி சும்மா போகாது. ஸ்பைக் பஸ்டர் சின்ன ஏற்றத்தைத் தாங்கும், அதுவும் எர்த் ஒழுங்காக இருந்தால்தான்; மூன்றாவது பின்னை ஒடித்து டூ பின் பாயின்டில் மாட்டியிருந்தால் அது வெறும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். வானம் உறுமத் தொடங்கியதும் பிளக்கைப் பிடுங்குங்கள், நெட் கேபிளையும் சேர்த்து. அந்த வழியாகவும் வரும்.

கேள்வி: மழைக்காலத்தில் மானிட்டரை பிளாஸ்டிக் கவர் போட்டு மூடி வைக்கிறேன். நல்லதுதானே?
— வாசகி, குன்னூர்

பதில்: பிளாஸ்டிக் வேண்டாம், உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போக வழியில்லை. பருத்தித் துணி போதும், அதுவும் அணைத்து ஆறிய பிறகு. பூஞ்சை பிடிக்கும் ஊரில் கம்ப்யூட்டருக்கு நல்ல மருந்து தினமும் கொஞ்ச நேரம் ஓட்டுவதுதான், அந்தச் சூடே ஈரத்தை விரட்டும். மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த வீடு என்றால், திறந்த உடனே ஆன் செய்யாமல் அறை காயட்டும் என்று ஒரு பகல் விடுங்கள்.

கேள்வி: 2000 மீட்டர் உயரத்தில் இருப்பதால்தான் மானிட்டர் கெடுகிறது என்கிறார்கள், உண்மையா? கோயம்புத்தூருக்குப் பஸ்ஸில் கொண்டு போய்ப் பார்க்கலாமா?
— வாசகர், கேத்தி

பதில்: உயரத்தின் மேல் பழி போட வேண்டாம். பல மானிட்டர் கையேடுகளில் 3000 மீட்டருக்கு மேல்கூட இயங்கும் என்றே போட்டிருக்கும், தொட்டபெட்டா உச்சியே 2637தான். கோவைக்குக் கொண்டு போவதற்கு முன் மேலே சொன்ன கேபிள் சோதனையைச் செய்துவிடுங்கள், நல்ல மானிட்டரைச் சுமந்துகொண்டு மேட்டுப்பாளையம் ரோட்டின் 14 கொண்டை ஊசி வளைவையும் இறங்கி ஏறுவானேன். போயே ஆக வேண்டும் என்றால் ஸ்டாண்டைக் கழற்றிவிட்டு, திரைப் பக்கம் ஓர் அட்டையை வைத்துப் போர்வையில் சுற்றி, நிமிர்த்தி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். மேலே லக்கேஜ் தட்டில் மட்டும் வைக்காதீர்கள், பர்லியார் தாண்டுவதற்குள் யாராவது அதன் மேல் கேரட் மூட்டையைப் போட்டிருப்பார்கள்.